காட்டு லூபின் செடி இல்லையென்றால் கார்னர் நீல வண்ணத்துப்பூச்சி ஏன் பிழைக்காது?

ஒரே ஒரு செடியை நம்பி ஒரு பூச்சி இனமே வாழுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாழும். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், மணற்பாங்கான நிலத்தில் தானாக வளரும் காட்டு லூபின் அப்படிப்பட்ட செடி. அவரைக் குடும்பம்; வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மணலிலும் பல ஆண்டுகள் நிலைக்கும். இலை, விரித்த உள்ளங்கை மாதிரி. மழை விட்டதும் அதன் நடுவில் ஒரு துளி நீர் மணியாகத் திரண்டு நிற்கும்.

கார்னர் நீலத்தின் புழு இந்த லூபினைத் தவிர வேறெதையும் தின்னாது. இலையின் சதையை மட்டும் அது சுரண்டித் தின்ன, மெல்லிய தோல் கண்ணாடி ஜன்னல் போல மிஞ்சும். அதன் உடலில் ஊறும் இனிப்பு நீருக்காக எறும்புகள் கூடவே காவல் நிற்கும். எவ்வளவு அழகான ஏற்பாடு!

சரி, பிறகு ஏன் 1992-இல் அமெரிக்கா இந்த வண்ணத்துப்பூச்சியை அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது? காட்டுத்தீயை மனிதர்கள் அணைத்துக்கொண்டே இருந்ததால் மரங்கள் அடர்ந்து, வெயில் தேடும் லூபின் நிழலில் நலிந்தது. மீதி நிலத்தில் வீடுகள் வந்தன. இப்போது விஸ்கான்சின், நியூயார்க் போன்ற மாநிலங்களில் திட்டமிட்டுத் தீ வைத்து வெளியைத் திறக்கிறார்கள்.

அப்புறம், மேற்குப் பகுதியின் பெரிய இலை லூபினை நட்டால் இந்தப் புழுவுக்குப் பயனில்லை. கிழக்கே இதற்காக லூபின் நடுபவர்கள் விதையின் இனத்தைப் பார்த்தே வாங்க வேண்டும்.