வீட்டில் ஒயில் மாற்றியதற்கு வாரண்டி மறுப்பு

முதலில் வாகன ஏஜென்டிடமிருந்து மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், வாரண்டிப் புத்தகத்தின் எந்த விதிப்படி என்றும் சேர்த்து. கிளிநொச்சியில் வீட்டு முற்றத்தில் நீங்களே ஒயில் மாற்றினீர்கள் என்பதற்காக வாரண்டியில் எஞ்சின் வேலை செய்ய முடியாது என்று அவர்கள் வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு மேலே எங்கும் போக முடியாது.

அநேகமாக அவர்கள் பிடித்தது பில்லைத்தான். உதிரிப்பாகக் கடைக்காரர் "ஒயில் 4 லீற்றர், பில்டர் 1" என்று மட்டும் கிறுக்கித் தருவார். வாகன இலக்கம் இராது, கிலோமீற்றர் இராது, ஒயில் ரகமும் இராது. கடையில் பில்லின் அடிக்கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், போனில் மீற்றர் படம் கிடந்தால் திகதியோடு சேருங்கள். இப்போது உட்கார்ந்து புதுக் கொப்பியில் ஒயில் மாற்றிய பழைய திகதிகளை எழுத வேண்டாம், எல்லாம் ஒரே பேனை மையில் இருந்தால் பார்த்ததுமே விளங்கிவிடும்.

அப்புறம், வாகனக் கைநூலில் புழுதி வீதிக்கென்று ஒயில் மாற்றக் குறுகிய இடைவெளி போட்டிருக்கிறதா பாருங்கள். எங்கள் கிரவல் ஒழுங்கைகளுக்கு அதுதான் பொருந்தும், சாதாரணக் கணக்கில் மாற்றியிருந்தால் அங்கே மாட்டுவீர்கள்.

மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள், 1977க்கு எடுத்தால் வழி சொல்வார்கள். விற்ற அல்லது சேவை தந்த நாளிலிருந்து 3 மாதம் என்று சட்டத்தில் காலவரை உண்டு, உங்கள் விடயத்தில் எந்த நாளிலிருந்து எண்ணுவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். ஏஜென்டின் கராஜில்தான் சேர்விஸ் என்று வாரண்டியிலேயே அச்சடித்திருந்தால் மட்டும் கஷ்டம்தான்.