மேட்ச் முடிந்ததும் எந்த வண்டி? சேப்பாக்கம் பயணக் கேள்வி-பதில்

ஐ.பி.எல். அட்டவணை வந்த மறுநாளிலிருந்து கடிதங்கள் குவிய ஆரம்பித்துவிடும். இந்த முறையும் அப்படித்தான். பாதிப் பேர் எந்த ஊர் என்றே எழுதவில்லை. ஊரை எழுதியவர்களில் பாதிப் பேர் தேதியை எழுதவில்லை. பதில் சொல்ல வழியுள்ள கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். ரயில் நேரங்களைச் சுமாராகத்தான் சொல்கிறேன். ஐந்து பத்து நிமிடம் முன்னே பின்னே மாறும், டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சார், சென்னை மேட்சுக்கு எப்படி வருவது? அவசரம். (ஊர், பெயர் இல்லை)

எங்கிருந்து?

நாங்கள் ஆறு பேர். சனிக்கிழமை ராத்திரி 7.30 மேட்ச். அன்று காலை வைகையில் கிளம்பினால் சரியாக இருக்குமா? (மதுரை)

தாராளமாக இருக்கும். காலை 6.40 வாக்கில் மதுரையில் ஏறினால் மதியம் 2 மணி சுமாருக்கு எழும்பூர். அங்கேயே மெட்ரோவில் ஏறுங்கள். அடுத்த ஸ்டேஷன் சென்ட்ரல். அங்கே நீல வழித்தடத்துக்கு மாறினால் அதற்கு அடுத்ததே அரசினர் தோட்டம். இறங்கி அண்ணா சாலை வழியாக வாலாஜா சாலைக்கு வந்துவிட்டால் நேர் நடைதான், இருபது இருபத்தைந்து நிமிடம். வழியில் சாப்பிட்டுவிடுங்கள். உள்ளே விற்கும் விலைக்கு வெளியே ஆறு பேரும் வயிறாரச் சாப்பிடலாம்.

ஆனால் கடிதம் முழுக்கத் திரும்புவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மதுரைக்கான பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் கிளம்புவது இரவு 9.40. அப்போது இரண்டாவது இன்னிங்ஸில் நாலாவது ஓவர் நடந்துகொண்டிருக்கும். ராத்திரி எழும்பூரில் தங்கிவிட்டு ஞாயிறு காலை 5 மணி நாகர்கோவில் வந்தே பாரத்தையோ 6 மணி தேஜஸையோ பிடியுங்கள். எழும்பூர் ஸ்டேஷனில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்கிறது என்று படித்துப் பாருங்கள்.

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் எழும்பூரில் 11.30க்குத்தானே? மேட்ச் 11 மணிக்கு முடிந்துவிடும். ஆட்டோவில் பத்து நிமிடம். ஐந்து பேருக்கு டிக்கெட் போட்டுவிட்டோம். சரிதானே? (திருச்சி)

போட்டுவிட்டுக் கேட்கிறீர்கள். சரியில்லை. இதே கேள்வி ஒவ்வொரு வருஷமும் திருச்சியிலிருந்து மட்டும் தவறாமல் வருகிறது. காரணம் அந்த ஒரு வண்டி. மற்ற ஊர்க்காரர்களுக்கு ராத்திரி வண்டிகள் பெரும்பாலும் 8, 9, 10 என்று போய்விடுவதால் ஆசையே வராது. உங்களுக்கு மட்டும் 11.30 என்று ஒன்று கண்ணுக்கு எதிரே தொங்குகிறது.

சரி, கணக்கைப் பார்ப்போம். 7.30க்கு முதல் பந்து. டைம்-அவுட் இரண்டையும் சேர்த்து ஓர் இன்னிங்ஸ் 90 நிமிடம், இடைவேளை 20, மறுபடி 90. காகிதத்தில் 10.50க்கு முடிய வேண்டும். அப்படி முடிந்த மேட்ச் நான் பார்த்ததில்லை. ஈரப்பந்தைத் துடைப்பார்கள், பீல்டரை இப்படியும் அப்படியும் நகர்த்துவார்கள், ரிவ்யூ கேட்பார்கள். 11.15, 11.20 என்பதுதான் நடைமுறை. சூப்பர் ஓவர் வந்தால் பேசவே வேண்டாம். அதற்கப்புறம் ஏறக்குறைய 38 ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வாலாஜா சாலையிலும் பெல்ஸ் சாலையிலும் கொட்டுவார்கள். இருக்கையிலிருந்து கேட்டுக்கே கால் மணி நேரம். அந்தச் சாலைகளில் அப்போது ஆட்டோ நுழையாது, போலீஸ் தடுப்பு போட்டிருக்கும். நீங்கள் சொல்லும் அந்தப் பத்து நிமிடம் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலைக் கணக்கு.

கடைசி மூன்று ஓவரை விட்டுவிட்டு வந்தால்? வரலாம். நானும் ஒருமுறை அப்படி வந்திருக்கிறேன். பதினேழாவது ஓவர் முடிந்ததும் எழுந்து, முணுமுணுத்தவர்களின் கால்களைத் தாண்டி, சேப்பாக்கம் பறக்கும் ரயில் நிலையத்தின் பிளாட்பாரத்தில் போய் நின்றேன். பின்னால் விளக்குக் கம்பங்கள் எரிந்துகொண்டிருந்தன. திடீரென்று ஒரு சத்தம், கட்டடமே அதிர்ந்தது. சிக்ஸரா, விக்கெட்டா, கேட்சை விட்டார்களா, ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற பூக்காரம்மா என்னைப் பார்த்து, "டிக்கெட் வாங்கிட்டு எதுக்கு இங்க நிக்கிற?" என்றார். இன்றுவரை பதில் இல்லை. ரயிலைப் பிடித்தேன், அது வேறு விஷயம்.

இன்னும் சிலர் "எழும்பூரில் விட்டால் தாம்பரத்தில் பிடித்துவிடலாம்" என்று ஒரு கிளைக் கணக்கு வைத்திருப்பார்கள். மலைக்கோட்டை தாம்பரத்துக்கு அரை மணியில் போய்விடும். நீங்கள் அப்போது சைதாப்பேட்டையில் நிற்பீர்கள்.

அதனால் ஐந்து டிக்கெட்டையும் இப்போதே ரத்து செய்யுங்கள், கடைசி நாள் வரை வைத்திருந்தால் பிடித்தம் கூடும். பேருந்துதான் உங்களுக்கு வழி. திருச்சி வண்டிகள் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து ராத்திரி முழுக்க உண்டு. ஸ்டேடியத்திலிருந்து கிளாம்பாக்கம் சுமார் 35 கிலோமீட்டர் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே 1.30 மணிக்கு முன்னால் எந்தப் பேருந்திலும் முன்பதிவு செய்யாதீர்கள். சனிக்கிழமை மேட்சுக்கு நள்ளிரவு தாண்டி 1.30 வண்டி என்றால் தேதி ஞாயிற்றுக்கிழமை. சனி என்று போட்டால் அந்தப் பேருந்து முதல் நாள் ராத்திரியே போயிருக்கும். வருஷத்துக்கு நாலு பேராவது இதில் விழுகிறார்கள்.

தனியார் பேருந்து என்றால் ஏறும் இடத்தைத் தொலைபேசியில் உறுதி செய்யுங்கள், அதுவும் மேட்சுக்கு உள்ளே போகும் முன். ஒருமுறை எனக்கு ஏறும் இடத்தை மாற்றி இரவு 9.40க்குக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். ஸ்டேடியத்துக்குள் அத்தனை ஆயிரம் கைபேசிகள் இருந்தால் சிக்னல் எங்கே கிடைக்கும்? செய்தி என் கைக்கு வந்தது 11.50க்கு, வாலாஜா சாலையில். பேருந்து போரூரில். அந்த ராத்திரி தூங்கியது பேருந்து நிலைய பெஞ்சில்.

ஞாயிறு 3.30 மேட்ச் பார்த்துவிட்டு அன்றே திரும்பலாமா? (கோவை)

திரும்பலாம். சேரன், சென்ட்ரலிலிருந்து, இரவு 10 மணி. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் போகும் நீலகிரியைத் தொடாதீர்கள். எழும்பூருக்குப் போய்விடாதீர்கள், கோவை வண்டி சென்ட்ரல்.

பெங்களூரிலிருந்து காரில் வருகிறோம். ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் பார்க்கிங் எங்கே?

பக்கத்தில் இல்லை என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். பாஸ் உள்ளவர்களுக்குத் தனி இடம், மற்றவர்களை மெரினா பக்கம் திருப்பிவிடுவார்கள். அதுவும் சீக்கிரம் நிறையும், வெளியே எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். பூந்தமல்லி வழியாகத்தானே வருகிறீர்கள்? கோயம்பேடு மெட்ரோவில் வண்டியை விட்டுவிட்டு சென்ட்ரலில் மாறி அரசினர் தோட்டம் வாருங்கள். திரும்பும்போதும் ஊருக்கு வெளியே போகும் முனையில்தான் கார் நிற்கும். மேட்ச் முடிந்த கையோடு 350 கிலோமீட்டர் ஓட்டுவது உங்கள் இஷ்டம், நான் ஓட்ட மாட்டேன்.

மேட்ச் டிக்கெட் இருந்தால் மெட்ரோ இலவசமாமே? (ஈரோடு)

சில சீசன்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டி மெட்ரோவிலும் மாநகரப் பேருந்திலும் போக விட்டார்கள், கடைசி மெட்ரோவையும் நள்ளிரவு தாண்டி ஓட்டினார்கள். வருஷா வருஷம் புதிதாகத்தான் அறிவிப்பார்கள். அறிவிப்பு இல்லையென்றால் கடைசி மெட்ரோ 11 மணி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மேட்ச் டிக்கெட் இன்னும் கிடைக்கவில்லை. ரயில் டிக்கெட் முதலில் போடலாமா? (நாகர்கோவில்)

போடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, அட்டவணையோ பல சமயம் அதைவிடத் தாமதமாக வருகிறது. இரண்டு வாரம் காத்திருந்தால் வெயிட்டிங் லிஸ்ட். ரத்து செய்தால் போவது நூற்றுக்கணக்கில், கடைசி நேரத்தில் பேருந்துக்கு அழுவது ஆயிரக்கணக்கில். தத்காலை நம்பி மட்டும் உட்காராதீர்கள்.

அப்பாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. 1986 டை டெஸ்டை நேரில் பார்த்தவர். ஒரு தடவை கூட்டிப் போக ஆசை. எது சுலபம்? (காஞ்சிபுரம்)

அந்த டெஸ்டில் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்ததைப் பார்த்தவர் என்றால் கண்டிப்பாகக் கூட்டி வாருங்கள். ரயிலும் வேண்டாம், மெட்ரோவும் வேண்டாம். பறக்கும் ரயில் நிலையப் படிகள் நல்ல முழங்காலையே சோதிக்கும், லிப்ட் ஓடும் என்று எண்ணிக் கிளம்ப முடியாது. வாடகைக் காரில் மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். அப்போது தடுப்பு போட்டிருக்க மாட்டார்கள், கேட் வரை போகலாம். டிக்கெட்டில் உள்ள கேட் எண்ணைப் பார்த்து அந்தப் பக்கமே இறக்குங்கள். தவறான பக்கம் இறங்கினால் ஸ்டேடியத்தைச் சுற்றி அரைப் பிரகாரம் நடக்க வேண்டும். கீழ் அடுக்கில் டிக்கெட் எடுங்கள். முடிந்ததும் எழுந்திருக்காதீர்கள். அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருங்கள், கூட்டம் வடியட்டும். அந்த அரை மணியில் அவர் 86 கதையை முழுதாகச் சொல்லி முடிப்பார்.

ஹெல்மெட்டை உள்ளே வைக்க இடம் உண்டா? (செங்கல்பட்டு)

கிடையாது. வண்டியோடு பூட்டுங்கள். பையும், பவர் பேங்கும், தண்ணீர் பாட்டிலும் அப்படித்தான், வாசலில் பிடுங்கிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் பையை சென்ட்ரல் அல்லது எழும்பூர் கிளோக் ரூமில் வையுங்கள். பூட்டுப் போட்ட பையைத்தான் வாங்குவார்கள், ரயில் டிக்கெட்டும் கேட்பார்கள்.

நானும் இரண்டு மகள்களும் மட்டும் வருகிறோம். மேட்ச் முடிந்து ராத்திரியே ஊர் திரும்பலாமா? (விழுப்புரம்)

தூரம் பெரிதில்லை, ஆனால் கிளாம்பாக்கம் போய்ச் சேரவே 1.30 ஆகும். தங்கிவிடுங்கள். எழும்பூர் கென்னட் லேனில் லாட்ஜுகள் வரிசையாக இருக்கின்றன. பல இடங்களில் 24 மணி நேரக் கணக்கு, மதியம் 3 மணிக்கு அறை எடுத்தால் மறுநாள் 3 வரை உங்களுடையது. முன்பதிவு செய்யும்போது அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மேட்ச் முடிந்ததும் கூட்டத்தோடு சேர்ந்தே அண்ணா சாலை வரை நடங்கள். ஆள் இல்லாத சந்தில் குறுக்குவழி காட்டினால் கைபேசியைப் பையில் போட்டுவிடுங்கள்.

இறுதிப் போட்டி எங்கே நடந்தாலும் போவதாக இருக்கிறோம். மறுநாள் காலை விமானம் போடலாமா? (சேலம்)

போடாதீர்கள். 2023 அகமதாபாத் நினைவிருக்கிறதா? மே 28 மழையில் போனது, 29க்குத் தள்ளிவைத்தார்கள், மறுபடி மழை, ஜடேஜா கடைசிப் பந்தை எல்லைக்கோட்டுக்கு அனுப்பியபோது மணி 30ஆம் தேதி விடியற்காலை ஒன்றரை. முதல் நாள் ராத்திரி மஞ்சள் சட்டைக்காரர்கள் அகமதாபாத் ரயில் நிலையத் தரையில் படுத்துத் தூங்கினார்கள். இறுதிப் போட்டிக்கு மாற்று நாள் உண்டு. லீக் மேட்சுக்குக் கிடையாது. அந்த மாற்று நாளும் கழிந்த பிறகுதான் திரும்பும் டிக்கெட்.

சார், நாலு நாள் முன்னால் அவசரம் என்று எழுதியிருந்தேனே, பதில் இல்லையே. நான் தாம்பரம்.

தாம்பரமா! மின்சார ரயிலில் பூங்கா ஸ்டேஷன், பக்கத்திலேயே பார்க் டவுன், அங்கிருந்து பறக்கும் ரயிலில் இரண்டாவது நிறுத்தம் சேப்பாக்கம். அந்த நேரத்துக்குப் பறக்கும் ரயில் ஓடினால் திரும்பவும் அதே வழி. தாம்பரத்துக்குக் கடைசி மின்சார ரயில் நள்ளிரவை ஒட்டி. மேட்ச் என்றைக்கு என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.