குடியேறிய நாட்டுக்காக ஓட முடியுமா?

"கிருஷ்ணகிரியில் மாவட்ட அளவில் 100 மீட்டர் ஓடும் என் அக்கா மகள், பெற்றோருடன் போர்ச்சுகல் போகிறாள். அந்த நாட்டுக்காக ஓடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஓடலாம், குடியுரிமை கிடைத்த பிறகு. மாவட்ட, மாநிலப் போட்டிகள் இதில் கணக்கில் வராது. இந்தியாவுக்காக சர்வதேசப் போட்டியில் ஓடியிருந்தால்தான் சிக்கல். உலகத் தடகள அமைப்பின் 2018 விதிப்படி குறைந்தது 3 ஆண்டு காத்திருக்க வேண்டும், 20 வயது ஆகியிருக்க வேண்டும், மாறுவதும் ஒருமுறைதான். காசு கொடுத்து ஆள் சேர்த்த நாடுகளால் வந்த கெடுபிடி இது. எனக்கு நியாயமாகத்தான் படுகிறது.

போர்ச்சுகல் என்றதும் பிரான்சிஸ் ஒபிக்வேலு நினைவுக்கு வருகிறார். நைஜீரியாவில் பிறந்தவர். பதின்ம வயதில் லிஸ்பனுக்குப் போட்டிக்கு வந்து அங்கேயே தங்கி, கட்டட வேலை பார்த்தார். 1999 உலகப் போட்டியில் 200 மீட்டரில் நைஜீரியாவுக்கு வெண்கலம் வாங்கினார். 2001இல் போர்ச்சுகல் குடியுரிமை. அப்புறம் 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.86 விநாடியில் ஓடி வெள்ளி! தங்கம் வாங்கிய காட்லின் ஓடியது 9.85.

ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கினால் இந்தியக் குடியுரிமை போய்விடும். இப்போதைக்கு அங்கே ஒரு கிளப்பில் சேர்த்துவிடுங்கள். கிளப்புக்காக ஓட குடியுரிமை வேண்டியதில்லை.