அம்மாவின் பென்ஷனில் பிடித்தம்: சம்மதக் கடிதம் கொடுக்காதீர்கள்

கேள்வி: தர்மபுரி மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அரசுப் பள்ளியில் இரவுக் காவலராக இருந்த அப்பா, 2011-ல் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறார். 2018-லேயே குறைத்திருக்க வேண்டிய தொகையைக் குறைக்காமல் கொடுத்துவிட்டார்களாம். இப்போது கருவூலத்தில் 2,84,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கிறார்கள். போன மாதம் சொல்லாமலே 4,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். சம்மதம் என்று எழுதிக் கொடுத்தால் மாதம் 2,000 ஆகக் குறைப்பார்களாம். இந்தக் கடனை அடியோடு ரத்து செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதல் வேலை, அந்தக் கடிதத்தில் அம்மா கையெழுத்தோ கைநாட்டோ வைக்காமல் பார்த்துக்கொள்வது. தவணையைக் குறைத்தாலும் கடன் அப்படியேதான் இருக்கும். நாளை நீதிமன்றத்தில் 'அவரே ஒப்புக்கொண்டாரே' என்று அந்தத் தாளைத்தான் நீட்டுவார்கள்.

அரசு தன் தவறால் கூடுதலாகக் கொடுத்த பணத்தை எப்போது வசூலிக்கக் கூடாது என்பதை, பஞ்சாப் அரசுக்கும் ரஃபீக் மசீக்கும் நடந்த வழக்கில் 2014 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மூன்றாம், நான்காம் பிரிவு என்னும் கீழ்நிலை ஊழியர்களிடம் கூடாது. ஓய்வு பெற்றவர்களிடம் கூடாது. ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் கூடுதல் தொகை போயிருந்தால் கூடாது. வசூல் பெரும் கொடுமையாக முடியும் என்றாலும் கூடாது. உங்கள் அப்பா நான்காம் பிரிவு. ஐந்து ஆண்டுகளும் தாண்டிவிட்டன. குடும்ப ஓய்வூதியம் வாங்கும் விதவைகளுக்கும் உயர் நீதிமன்றங்கள் இதே நியாயத்தைப் பொருத்தியிருக்கின்றன.

ஒரு நிபந்தனை: அம்மா எதையும் மறைத்திருக்கக் கூடாது. வருடாந்தர நேர்காணலில் பொய்த் தகவல் கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

அப்புறம், அம்மாவின் பென்ஷன் புத்தகத்தைப் பாருங்கள். பணியில் இறந்தவரின் குடும்பத்துக்கு முதல் சில ஆண்டுகள் மட்டும் கிடைக்கும் உயர்ந்த தொகை எந்தத் தேதிவரை, அதன்பின் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தத் தேதி கருவூலப் பிரதியிலும் உண்டு. அதைப் பார்த்துக் குறைக்க வேண்டியது அவர்கள் வேலை. படிக்காத ஒரு விதவையின் தலையில் அந்தப் பழியைப் போடுவது அநியாயம்.

எதிர்த்தரப்பு கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கலாம். கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று பென்ஷன் தொடங்கும்போதே எழுதி வாங்கியிருப்பார்கள். அப்படி எழுதிக் கொடுத்தவர் கட்டுப்பட்டவர் என்று 2016-ல் ஜக்தேவ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அவர் ஒரு நீதித்துறை அதிகாரி. ஒரு காவலரின் மனைவியை அதே தராசில் நிறுத்தக் கூடாது என்று வாதிட இடம் இருக்கிறது.

இப்போதே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன், ஆட்சேபணை அனுப்புங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் பிடித்ததையும் அதில் எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, கணக்குத் தாளையும் அம்மா முன்பு எழுதிக் கொடுத்த உறுதிமொழியின் நகலையும் கேளுங்கள். பிடித்தம் நிற்கவில்லை என்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, அதாவது அரசின் உத்தரவை எதிர்த்து நேரடியாகப் போடும் மனு. வக்கீல் செலவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. தர்மபுரி மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள்.

இனிமேல் குறைந்த தொகைதான் வரும், அதைத் தடுக்க முடியாது. பிடித்த 4,000 ரூபாயைத் திருப்பித் தரச் சொல்லி அதே ரிட் மனுவில் கேட்டுவிடுங்கள்.