30 அடிப் படகை விற்றுவிட்டு 36 அடி வாங்கலாமா?

கேள்வி: அன்புள்ள ஐயா, நானும் என் மனைவியும் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் வேலை பார்க்கிறோம். எனக்கு 47 வயது, அவருக்கு 44. மகள் இன்னும் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போகிறாள். எட்டு ஆண்டுகளுக்கு முன், 1986இல் கட்டிய கேட்டலினா 30 பாய்மரப் படகு ஒன்றை 16,000 டாலருக்கு வாங்கினோம். அன்னாபொலிஸ் பக்கம் மெரினா என்னும் படகுத்துறை ஒன்றில் கட்டிவைத்து, ஆண்டுக்கு 25 நாள் போல செசபீக் விரிகுடாவில் ஓட்டுகிறோம். படகைக் கட்டும் இடமான ஸ்லிப்புக்கு வாடகை 3,600 டாலர், காப்பீடு 480, குளிர்காலத்தில் கரையேற்றி வைத்து அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்க 2,200, ரிப்பேர் சராசரியாக 2,500 ஆகிறது.

இப்போது 1999ஆம் ஆண்டின் கேட்டலினா 36 மார்க் 2 ஒன்று 62,000 டாலருக்கு வந்திருக்கிறது. கையில் 22,000 இருக்கிறது. மீதி 40,000க்கு 15 ஆண்டு படகுக் கடன் 9 சதவீதத்தில் தருகிறார்கள். இல்லையென்றால் ஹெலாக், அதாவது வீட்டை ஈடாக வைத்து எடுக்கும் கடன், வாங்கலாம். பழைய படகை 15,000க்கு விற்று, அந்தப் பணத்தில் புதுப் பாய் வாங்கலாம் என்று எண்ணம். படகில் படுக்கையும் அடுப்பும் இருப்பதால் இரண்டாவது வீடு என்று வரிச்சலுகை கிடைக்கும் என்கிறார் புரோக்கர். அடுத்த கோடையில் கோவில்பட்டியிலிருந்து அப்பா அம்மா ஆறு மாதம் வருகிறார்கள். போன தடவை அம்மாவால் கேபினுக்குள் இறங்கவே முடியவில்லை, மூன்று மணி நேரமும் கம்பியைப் பிடித்தபடி மேலேயே உட்கார்ந்திருந்தார். பழைய படகில் இப்போது கழிப்பறைக் கதவுகூட சரியாகச் சாத்த வரவில்லை. மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் இந்த ஆண்டு வேண்டாம், இந்தக் கடனோடு வேண்டவே வேண்டாம்.

எட்டு ஆண்டாக ஒரு படகை வைத்து ஓட்டி, செலவை வகைவகையாக எழுதிவைத்திருக்கிறீர்கள். படகு வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் அந்தக் கணக்கைத் தங்கள் மனைவியிடம்கூடக் காட்டுவதில்லை. நீங்கள் தந்த எண்களை வைத்தே பேசுகிறேன்.

உங்கள் திட்டத்தில் 22,000மும் 40,000மும் சேர்ந்து 62,000, அதாவது விலையோடு பணம் தீர்ந்துவிடுகிறது. ஆனால் மேரிலாந்தில் படகு வாங்கினால் விலையில் 5 சதவீதம் வரி, அது 3,100 டாலர். படகைச் சோதித்துக் குறை சொல்லும் சர்வேயருக்கும், படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கும் கூலிக்கும் 1,500 வைத்துக்கொள்ளுங்கள். கால் நூற்றாண்டு ஆன படகை வாங்குகிறவர்களுக்கு விலையில் 20 சதவீதத்தை முதல் ஆண்டுக்கென்று ஒதுக்கச் சொல்வது என் வழக்கம். இங்கே அது 12,400. எல்லாம் சேர்த்தால் 79,000. பழைய படகு நீங்கள் நினைத்த 15,000க்குப் போனால்கூட உங்களிடம் இருப்பது 77,000தான்.

அந்த 12,400 எதற்கு என்று கேட்பீர்கள். பாய்மரத்தைத் தாங்கிப் பிடித்திருக்கும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளை 10, 15 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வார்கள். 1999இல் போட்ட கம்பியே இன்னும் இருந்தால் காப்பீட்டு நிறுவனமே தயங்கும். பாய், பேட்டரி, மேல்தளமான டெக்கில் கம்பிகள் இறங்கும் இடத்தில் ஒழுகல், இன்ஜின் புகைக்குழாயின் வளைவு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இது கேட்டலினாவின் குறையல்ல. அந்த வயதுள்ள எந்தப் படகும் இப்படித்தான்.

அடுத்து ஆண்டுச் செலவு. இப்போது உங்களுக்கு 8,780 ஆகிறது. 36 அடிப் படகுக்குப் பெரும்பாலும் 40 அடி ஸ்லிப்தான் கிடைக்கும், வாடகையையும் பல மெரினாக்களில் ஸ்லிப்பின் நீளத்துக்குத்தான் வாங்குவார்கள். நீங்கள் அடிக்கு 120 டாலர் கட்டுகிறீர்கள்; 40 அடிக்கு 4,800. காப்பீடு 1,100 என்று வைப்போம். கரையேற்றுவதும் பெயிண்ட்டும் 2,700. ரிப்பேரை நீளத்தை வைத்துக் கணக்குப் போடக் கூடாது, எடையை வைத்துப் போட வேண்டும். கேட்டலினா 30 சுமார் 10,200 பவுண்டு, 36 சுமார் 13,500 பவுண்டு. நீளம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, எடையோ மூன்றில் ஒரு பங்கு. நங்கூரம், கயிறு, கயிற்றை இழுக்கும் வின்ச், பாய் எல்லாம் எடைக்குத் தக்கபடிதான் பெரிதாகும். ஆகவே ரிப்பேர் 3,300. மொத்தம் 11,900. இதன்மேல் கடன் தவணை மாதம் 406 டாலர், ஆண்டுக்கு 4,870.

கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 16,770. இன்று நீங்கள் படகு ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 351 டாலர் செலவழிக்கிறீர்கள். அது 671 ஆகும். 15 ஆண்டு முடிவில் 40,000 கடனுக்குத் திருப்பிக் கட்டியிருப்பது 73,000. அதில் 33,000 வட்டி. அந்த 33,000க்கு இன்னொரு நல்ல படகே வாங்கலாம். யானையை வாங்குவதைவிட அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிய பாடு என்று நம் ஊரில் சொல்வது படகுக்கு அப்படியே பொருந்தும்.

வரிச்சலுகை பற்றிப் புரோக்கர் சொன்னது பொய்யில்லை. படுக்க, சமைக்க, கழிப்பறைக்கு வசதி இருந்தால் படகை இரண்டாவது வீடாக ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித்துறை, ஏற்றுக்கொண்டு கடன் வட்டியை வருமானத்தில் கழிக்க விடுகிறது. கடனுக்குப் படகே ஈடாக இருக்க வேண்டும். ஆனால் இப்படிக் கழிக்கக்கூடிய செலவுகளை வகைவகையாகக் காட்டி வரி கட்டுகிறவர்களுக்குத்தான் அது உதவும். அப்படிக் காட்டாத தம்பதிக்குப் பொதுவாகக் கழித்துவிடும் நிலைக்கழிவு 2025இல் 31,500 டாலர். உங்கள் வீட்டுக்கடன் வட்டி, மாநில வரி, நன்கொடை எல்லாம் அதைத் தாண்டவில்லை என்றால் படகின் வட்டியால் பெரிய பயன் இராது. தாண்டினாலும், முதல் ஆண்டில் 3,500 டாலர் வட்டி கட்டி அதில் கால் பங்கைத் திரும்ப வாங்குவது லாபமாகாது.

ஹெலாக் இதைவிட மோசம். அந்தப் பணத்தை வீட்டை வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ செலவழித்தால்தான் வட்டிக்குக் கழிவு உண்டு. படகுக்குச் செலவழித்தால் கிடையாது. வட்டியும் பெரும்பாலும் நிலையில்லாமல் ஏறி இறங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படகுக்காக மகள் படித்து வளர்ந்த வீட்டை ஈடு வைக்கிறீர்கள். அவள் கல்லூரிக்குப் போகும் ஆண்டில் உங்கள் இருவரில் ஒருவருக்கு வேலை போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன்.

சரி, பெரிய படகால் என்ன கிடைக்கும்? முப்பதிலிருந்து முப்பத்தாறுக்குப் போனவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒத்துப்போகிறது. பின்பக்கம் கதவுள்ள தனி அறை, நிமிர்ந்து நிற்கும் உயரம், அலை குறுக்கே வரும்போது குறைந்த ஆட்டம், நாலைந்து நாள் தொடர்ந்து தங்கினாலும் சலிக்காத இடம். இவை உண்மையான சுகங்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: காற்றடிக்கும் மாலையில் ஸ்லிப்புக்குள் கொண்டுவந்து கட்டுவது தனி ஆளுக்கு இனி எளிதல்ல. முப்பதடியைக் கையால் தள்ளி நிறுத்திப் பழகியவர்களுக்கு அந்த மூவாயிரம் பவுண்டு கூடுதல் எடை முதல் நாளே தெரிந்துவிடும். அதனால் சிலர் முன்பு சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் சும்மா போய்வந்ததை விட்டுவிடுகிறார்கள். உங்கள் 25 நாள் 15 ஆகக் குறைந்தால், மேலே போட்ட 671 ஏறக்குறைய 1,120 ஆகிவிடும்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. அன்னாபொலிஸில் இந்த அளவுப் படகுகளை வாடகைக்குத் தருகிறார்கள். வரும் சீசனில் ஒரு வாரம் எடுங்கள். சில ஆயிரம் டாலர் போகும், போகட்டும். படகைக் கட்டும் வேலையை உங்கள் மனைவியும் ஒருமுறை முழுதாகச் செய்யட்டும். வாரத்தின் முடிவில் அவர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் எழுதிய கடிதத்தில் அவருடைய விருப்பம் எங்குமே இல்லை.

உங்கள் அம்மாவைப் பற்றி எழுதியதுதான் என் மனதில் நின்றது. 36 அடி மார்க் 2இல் பின்புறம் திறந்திருப்பதால் மேடையிலிருந்து ஏறுவது எளிது. ஆனால் கேபினுக்குள் இறங்கும் படி அதிலும் ஏணி போலத்தான். எழுபது வயதில், மூட்டு வலியோடு, ஆடும் படகில் அந்தப் படிகளில் இறங்குவது 62,000 டாலர் படகிலும் கடினமே. இப்போதிருக்கும் படகின் படிகளுக்கு இருபுறமும் உறுதியான கைப்பிடி, படியின்மேல் வழுக்காத பட்டை, ஏறும் இடத்தில் ஒரு நல்ல படிக்கட்டு மேடை, உட்கார முதுகுதாங்கியோடு ஒரு மெத்தை என்று ஒரு தச்சரிடம் சொல்லிச் செய்தால் சில நூறு டாலரில் முடியும். காலையில் காற்று எழும் முன் ஒன்றரை மணி நேரம் கூட்டிப்போய் வாருங்கள். அப்புறம், அவர்கள் விமானம் ஏறும் முன் ஆறு மாதத்துக்கும் நல்ல மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். படகுக்குப் போடும் எந்த டாலருக்கும் முன்னால் இது.

இனி அந்தக் கழிப்பறைக் கதவு. நீங்கள் அதை ஒரு வரியில் எழுதி முடித்துவிட்டீர்கள். உங்கள் கடிதத்தில் அதிகப் பணம் ஒளிந்திருப்பது அங்கேதான்.

கேட்டலினா 30இல் பாய்மரம் டெக்கின் மேல் நிற்கிறது. அதன் பாரத்தைக் கீழே கேபினுக்குள் ஒரு தூண் தாங்குகிறது. அந்தத் தூணின் அடியில், பில்ஜ் என்னும் படகின் அடிக்குழியில், ஒரு மரக்கட்டை இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தண்ணீரில் ஊறி அந்தக் கட்டை மக்கினால் தூண் இறங்கும், டெக்கும் கூடவே சற்று இறங்கும். பக்கத்தில் இருக்கும் கழிப்பறைக் கதவு சட்டத்தில் இடிக்கத் தொடங்கும். இந்தப் படகை நெடுநாள் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய அறிகுறி. இதோடு, படகின் அடியில் நீருக்குள் இறங்கி நிற்கும் பாரமான கீலும் படகும் சேரும் இடத்தின் முன்பக்கத்தில் வளைவாக ஒரு விரிசல் விழும். கேட்டலினா புன்னகை என்றே அதற்குப் பெயர். பழைய படகுகளில் அந்தச் சேர்க்கையின் உள்ளேயும் மரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள்.

என்னிடம் ஆலோசனைக்கு வரும் ஒருவருக்காக ஒரு சர்வேயின்போது கூடவே நின்றிருக்கிறேன். சர்வேயர் ஒரு சின்னப் பிளாஸ்டிக் சுத்தியலோடு டெக்கில் மண்டியிட்டு, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போனார். சந்தையில் பாட்டிமார் மண்பானையைத் தட்டி வாங்குவது போலத்தான் இருந்தது. டக் டக் என்று வந்துகொண்டிருந்த சத்தம் பாய்மரத்தின் அருகே தொப் தொப் என்று மாறியது. உள்ளே ஈரம் ஏறி மக்கியிருக்கிறது என்று பொருள். அவர் ஒன்றும் பேசாமல் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டார். அந்த ஒரு வட்டம் விற்பவருக்கு 4,000 டாலர் இழப்பானது. ஏறக்குறைய முடிந்திருந்த பேரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

உங்கள் படகை வாங்க வருபவரும் ஒரு சர்வேயரோடுதான் வருவார். அதனால் 15,000 என்ற எண்ணை இப்போதைக்கு நம்பாதீர்கள். நீங்களே ஒரு சர்வேயரை வைத்துப் பாருங்கள், படகு பழுதுபார்க்கும் யார்டில் விலை கேளுங்கள், இந்தக் குளிர்காலத்தில் கரையில் இருக்கும்போதே அந்தக் கட்டையை மாற்றிவிடுங்கள். செய்த வேலையைப் படமெடுத்து ரசீதோடு வையுங்கள். இன்ஜின் வயரிங்கில் பழைய பிளாஸ்டிக் பிளக் இணைப்புகள் இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள், சூடேறி உருகும். கேட்டலினா 30 ஆறாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட படகு. உதிரிபாகத்துக்கும் குறைவில்லை, வாங்க ஆளுக்கும் குறைவில்லை. குறை தீர்த்த படகு வசந்தத்தில் நல்ல விலைக்குப் போகும். குறையோடு போனால், பேரத்தில் அடிவாங்கும்.

இனி பணத்துக்கு வருவோம். புதுப் படகு வாங்கியிருந்தால் கூடுதலாக ஆகும் செலவு ஆண்டுக்கு 7,990, மாதம் 665 டாலர். படகை வாங்கிவிட்டதாகவே வைத்துக்கொண்டு, அடுத்த மாதம் முதல் அந்த 665ஐ நல்ல வட்டி தரும் ஒரு சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்யுங்கள். 401கே ஓய்வூதியச் சேமிப்பிலும் மகளின் கல்லூரிச் சேமிப்பிலும் கை வைக்காமல் 12 மாதம் கட்ட முடிகிறதா பாருங்கள். நடுவில் மூன்று மாதம் தவறினால், அந்தப் படகு உங்களுக்கு இன்னும் எட்டவில்லை. முடிந்தால் இரண்டு ஆண்டில் 16,000 சேரும். கையில் இருக்கும் 22,000, பழைய படகின் 15,000 எல்லாம் சேர்த்து 53,000.

அந்த 53,000இல் கடனே இல்லாமல் வாங்கப் பாருங்கள். 1980களில் கட்டிய 36 மார்க் 1, அல்லது கேட்டலினா 34, மார்க் 2ஐவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு வரும். 35,000க்குள் வாங்கினால் வரி, சர்வே, முதல் ஆண்டு வேலைகள் எல்லாம் போகவும் கையில் கொஞ்சம் மிஞ்சும். செசபீக்கின் சராசரி ஆழமே 21 அடிதான், ஓடைகளில் இன்னும் குறைவு. ஆழமான கீல் ஏறத்தாழ 6 அடி இறங்கும், அடியில் இறக்கை போல விரிந்த விங் கீல் நாலரை அடியோடு நிற்கும். உங்கள் பக்கத்தில் விங் கீல் உள்ளதைத் தேடுங்கள். பிறகு விற்கும்போதும் அதுதான் எளிதாகப் போகும்.

பழையதை விற்றுப் பணம் கைக்கு வந்த பிறகே புதியதில் கையெழுத்து போடுங்கள். இரண்டு ஸ்லிப் வாடகை, இரண்டு காப்பீடு, இரண்டு கரையேற்றக் கூலி என்று ஒரு குளிர்காலத்தைக் கடந்தவர்கள், கடைசியில் பழைய படகை வந்த விலைக்குத் தள்ளிவிட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன். பணம் சேர்ந்ததும் பழையதை வசந்தத்தில் விற்று, புதியதை அக்டோபர் மாத அன்னாபொலிஸ் படகுக் கண்காட்சி முடிந்த கையோடு தேடுங்கள். இன்னொரு குளிர்காலத்துக்குக் கரைக் கூலி கட்ட விரும்பாத உரிமையாளர்கள் அப்போது விலையில் இறங்கி வருவார்கள். நடுவில் ஒரு கோடை படகில்லாமல் போகுமே என்றால், அந்தக் கோடையிலும் ஒரு வாரம் வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள்.

முதலில், இந்தச் சனிக்கிழமை படகுக்குப் போனதும் பில்ஜ் பலகையைத் தூக்கி, தூணின் அடியில் இருக்கும் கட்டையை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால், புரோக்கருக்குப் பதில் சொல்லும் முன் யார்டுக்குப் போன் செய்யுங்கள்.