கடையில் வாங்கும் தொழிற்சாலை ரைஃபிளை வைத்தே நீண்ட தூரம் சுட முடியுமா? எதைப் பார்த்து வாங்குவது, எப்படித் தயார் செய்வது?

முடியும். 1000 மீட்டர் வரை இரும்புத் தட்டு இலக்கைச் சுட, பெட்டியோடு வரும், ஒவ்வொரு குண்டுக்கும் கையால் போல்ட்டை இழுத்துத் தள்ளும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளே தாராளம். ஆனால் கையில் இருக்கும் பணத்தையெல்லாம் ரைஃபிளில் போட்டுவிட்டு ஸ்கோப்புக்கும் (குறிபார்க்கும் தொலைநோக்கி) தோட்டாவுக்கும் கையைப் பிசையாதீர்கள். நான் அப்படித்தான் பிசைந்தேன்.

முதலில் எந்தத் தோட்டா என்று முடிவு செய்யுங்கள், ரைஃபிள் அப்புறம். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது 6.5 கிரீட்மூர். ஹார்னடி நிறுவனம் 2007-ல் இலக்குச் சுடும் போட்டிகளுக்கென்றே கொண்டுவந்த ரகம் இது. 140 கிரெய்ன் (சுமார் 9 கிராம்) குண்டு நீளமாக, ஒல்லியாக இருக்கும். அதைச் சுழற்றி நிலைநிறுத்த, உள்வரிகள் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரும் பேரல் (குழல்) வேண்டும். 1952-ல் வந்த .308 வின்செஸ்டர் ஒன்றும் மோசமில்லை, பேரலும் அதிக நாள் தாங்கும். 100 மீட்டரில் சீரோ செய்த (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த) ரைஃபிளில், 1000 மீட்டர் போவதற்குள் கிரீட்மூர் குண்டு ஏறத்தாழ 10 மீட்டர் இறங்கும்; .308 என்றால் 12, 13 மீட்டர். இறக்கம் கணக்குக்குள் அடங்கும். காற்று அடங்காது. காற்றில் குறைவாக ஒதுங்குவதாலும், தோளில் உதை குறைவு என்பதாலும்தான் கிரீட்மூர் பக்கம் சாய்கிறேன்.

எந்த ரைஃபிள்? டிக்கா டி3எக்ஸ், ஹோவா 1500, பெர்காரா பி-14 மூன்றில் எதை எடுத்தாலும் குறை சொல்ல மாட்டேன். பேரல் கொஞ்சம் கனமாக இருக்கட்டும், மெல்லிய வேட்டைப் பேரல் நாலைந்து குண்டிலேயே சூடேறிவிடும். டிரிகரை ஒரு கிலோ அளவுக்கு இறக்க முடியுமா என்று பாருங்கள். ரெமிங்டன் 700 ரைஃபிளின் அளவுக்குச் செய்த ஸ்டாக்குகள்தான் (ரைஃபிளைத் தாங்கும் கட்டை) சந்தையில் அதிகம். பி-14 அவற்றிலும் உட்காரும் என்பது பின்னால் உதவும்.

இனி என் கதை. என் ரைஃபிளில் 100 மீட்டரில் முதல் இரண்டு குண்டும் ஒட்டினாற்போல் விழும், மூன்றாவது நாலு விரல் மேலே போய் நிற்கும். நாலு வகைத் தோட்டா மாற்றினேன். பேரலைத் திட்டினேன். கடைசியில் ரேஞ்சில் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், "துண்டுத் தாள் இருக்கா தம்பி?" என்றார். போல்ட்டைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறை காலி என்று பார்த்துவிட்டு, பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவே தாளைச் செருகினோம். வழுக்கிக்கொண்டு போனது. "இப்ப பைபாடை விரிச்சு, சுடுற மாதிரியே சாய்ஞ்சு படுங்க" என்றார். பைபாட் என்பது ரைஃபிளின் முன்னே உள்ள இரட்டைக்கால் தாங்கி. சாய்ந்தேன். தாள் முன்பக்கம் கட்டைவிரல் அகலத்தில் சிக்கிக்கொண்டது, இழுத்தால் கிழிந்தது. பிளாஸ்டிக் ஸ்டாக் என் எடையில் வளைந்து பேரலை இடித்துக்கொண்டிருந்தது! ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அழுத்தம், அதனால் ஒவ்வொரு இடம். உருட்டுக் கம்பியில் உப்புத்தாளைச் சுற்றி, ஸ்டாக்கின் உட்பக்கத்தை ஒரு மாலை முழுக்கத் தேய்த்ததில் சரியானது. தேய்க்கப் பொறுமை இல்லையென்றால் ஸ்டாக்குக்குப் பதிலாக அலுமினியச் சேஸிஸ் (சட்டகம்) வாங்கிக்கொள்ளுங்கள். கையோடு, ரைஃபிளின் இரும்புப் பாகத்தை ஸ்டாக்கோடு பிணைக்கும் ஆக்‌ஷன் ஸ்க்ரூக்களையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்கிவிடுங்கள்.

ஸ்கோப் மாட்டும்போது அவசரம் ஆகாது. 20 எம்ஓஏ (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு ஒரு எம்ஓஏ) சாய்வுள்ள ரெயில் (ஸ்கோப்பைத் தாங்கும் பட்டை) போட்டால் ஸ்கோப் குமிழை மேல்நோக்கித் திருப்ப ஏறத்தாழ 5.8 மில் (ஒரு மில் என்றால் 100 மீட்டரில் 10 செ.மீ.) கூடுதலாகக் கிடைக்கும். ஸ்க்ரூக்களில் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடையுங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் மூடி ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 15 முதல் 18 இஞ்ச் பவுண்டு முறுக்கு போதும். கை பலத்தைக் காட்டினால் ஸ்கோப் குழாய் நசுங்கும். ரிங்கை இறுக்கும் முன் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை ஸ்டாக்கில் வையுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். முழு வட்டமும் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டித் தேட வேண்டியிருந்தால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், இல்லை கன்னம் வைக்கும் இடத்தை உயர்த்துங்கள்.

குறுக்குக் கோட்டை, தொங்கவிட்ட தூக்குக்குண்டு நூலோடு ஒத்துப் பாருங்கள். 10 மில் மேலே திருப்பிச் சுடும்போது ரைஃபிள் 2 டிகிரி சாய்ந்திருந்தால்கூட 1000 மீட்டரில் குண்டு 35 செ.மீ. பக்கவாட்டில் போய்விடும். அதைக் காற்றின் தலையில் போட்டுக்கொண்டு திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

சீரோ செய்ததும் இன்னொரு சோதனை. 100 மீட்டரில் உயரமான அட்டை ஒன்றை நட்டு, அடியில் குறி வைத்துச் சுடுங்கள். 10 மில் திருப்பி, அதே குறியை மறுபடி சுடுங்கள். குண்டுகள் சரியாக ஒரு மீட்டர் மேலே விழ வேண்டும். என் முதல் ஸ்கோப்பில் 97 செ.மீ.தான் ஏறியது. கிட்டத்தில் அது 3 செ.மீ.; அதே பத்து மில்லை நம்பி 1000 மீட்டரில் சுட்டால் 30 செ.மீ. கீழே. பணத்தை மிச்சம் பிடித்து வாங்கிய ஸ்கோப், வேறென்ன சொல்ல.

மூன்று குண்டு குரூப்பை (ஒரே குறியில் சுட்டவை எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதை) வைத்து ரைஃபிளை மெச்சவும் வேண்டாம், வையவும் வேண்டாம். பத்து குண்டு சுட்டுப் பாருங்கள். அந்தப் பத்தையும் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்தே சுட்டால் வேகமும் கிடைத்துவிடும். பெட்டியில் அச்சடித்திருப்பது அவர்களுடைய சோதனைப் பேரலின் வேகம். என் தோட்டாப் பெட்டியில் நொடிக்கு 820 மீட்டர் என்று இருந்தது, என் பேரலில் 800-தான் வந்தது. பெட்டியில் உள்ளதை அப்படியே குண்டின் இறக்கத்தைக் கணக்கிடும் செயலியில் போட்டிருந்தால் 1000 மீட்டரில் அரை மீட்டர் கீழே சுட்டுக்கொண்டு, மறுபடியும் பேரலைத்தான் திட்டியிருப்பேன்.