சியாங் மாய்க்கு வரும் தங்கச்சிக்கு, விடியக்காலைச் சோறு பற்றி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை நேற்று இரவு இரண்டு தரம் வாசித்தேன். கணவருக்குத் தாய்லாந்தின் சியாங் மாயில் மேற்படிப்பு, அடுத்த மாதம் நீங்களும் சுன்னாகத்திலிருந்து போய்ச் சேருகிறீர்கள், வீடு ஒரு விகாரைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில். வீட்டுக்கார அம்மா இப்போதே "விடிய ஆறு மணிக்குக் கீழே வாருங்கள், பிக்குகளுக்குச் சோறு போடலாம்" என்று சொல்லிவிட்டாராம். நாங்கள் சைவம், போகலாமா, அவர்கள் மச்சம் சாப்பிடுகிறவர்களாமே, என்ன கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே விசா, வாடகை, புகை, அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு ஐயர் கிடைப்பாரா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விசா விதி அடிக்கடி மாறும், பல்கலைக்கழக அலுவலகத்தில் கேளுங்கள். வாடகை பேசி முடித்தாயிற்று, இனி அதைக் கிளற வேண்டாம். புகை மாசி கடைசியில் தொடங்கிச் சித்திரை வரை நிற்கும். காடும் வயலும் எரிக்கிற புகை அது, நல்ல முகக்கவசம் வாங்கி வையுங்கள். திவசத்தைப் பிறகு சொல்கிறேன். சோற்று விஷயத்தைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் நான் பிழை விட்டிருக்கிறேன், நம்மவர்கள் இன்றைக்கும் விட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நான் இங்கே வந்தது 1999இல். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலைக்கு வந்து, கொழும்பில் மூன்று மாதம் நின்று, பிறகு இங்கே. ஒளிக்காமல் சொல்கிறேன், காவி உடுப்பைக் கண்டால் எனக்கு நெஞ்சு இறுகும். எங்கள் ஊரில் நான் பிக்குகளைக் கண்டதெல்லாம் இராணுவ வாகனத்தோடுதான். முதல் இரண்டு கிழமையும் பிக்குகள் ஒழுங்கையால் போகும் நேரத்தில் யன்னல் சீலையை இழுத்துவிட்டு உள்ளே இருந்தேன். கீழ் வீட்டில் நூடில்ஸ் கடை வைத்திருந்த அம்மா ஒருநாள் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றதும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. தங்களுடைய பௌத்த மரபையே இவர்கள் "லங்காவோங்" என்றுதான் சொல்லுவார்கள், இலங்கை வம்சம் என்று பொருள். என்னையும் பௌத்தர் என்று நினைத்துவிட்டார். நான் தமிழ், சைவம் என்று விளங்கப்படுத்த எனக்கு அப்போது மொழி இல்லை. அவருடைய கடைத் தட்டில் ஒரு பிள்ளையார் இருந்தார். அவரைக் காட்டி, கைகூப்பி, "எங்கள் சாமி" என்று சைகையால் சொன்னேன். அவருக்கு விளங்கியது. அதற்காக என்னை அழைப்பதை அவர் நிறுத்தவில்லை.

சரி, முறையைச் சொல்கிறேன். உள்ளங்கை ரேகை தெரியும் அளவுக்கு வெளித்த பிறகுதான் பிக்குகள் வெளிக்கிடுவார்கள். வெறுங்காலோடு, வரிசையாக, கதைக்காமல் வருவார்கள். அவர்கள் எதுவும் கேட்பதில்லை. நீங்கள் கைகூப்பி நின்றால் நிற்பார்கள், இல்லையென்றால் தாண்டிப் போவார்கள். இதைப் பிச்சை என்று நினைத்துக்கொண்டு வாசலுக்குப் போகாதீர்கள். இங்கே மற்றவர்கள் சாப்பிடுவதற்குச் சொல் "கின்", பிக்கு சாப்பிட்டால் "சான்". நம் ஊரில் அடியார்களுக்கு அமுது செய்வித்தல் என்று சொல்வதில்லையா, அதே மரியாதைதான். செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் மடத்துக்கு மடம் சோறு போடுகிறவர்கள் எந்த மனதோடு நிற்கிறார்களோ, அந்த மனதோடு நில்லுங்கள்.

செருப்பைக் கழற்றுங்கள். கழற்றிவிட்டு அதற்கு மேலேயே ஏறி நிற்கக் கூடாது. முதல் நாள் ஒழுங்கை ஈரமாகக் கிடக்கிறது என்று நான் அப்படித்தான் நின்றேன். வெறுங்காலோடு நிற்கிறவருக்கு முன்னால் நாம் செருப்பின் உயரத்தில் நிற்பது மரியாதையில்லை என்று அந்த அம்மா என் கையைப் பிடித்து இறக்கினார். பெண்கள் பிக்குவின் கையிலோ உடுப்பிலோ தொடக் கூடாது. பாத்திரத்துக்குள் மெதுவாக வைக்கலாம். வேறு பொருளைக் கையால் கொடுப்பதென்றால் அவர் ஒரு துணியை விரிப்பார், அதன் மேல் வையுங்கள். அதைப் பார்த்து மனம் நோகாதீர்கள். அது அவர் எடுத்த விரதம், உங்களைக் குறைத்து நினைப்பதில்லை. நன்றி சொல்லமாட்டார், அதையும் எதிர்பார்க்காதீர்கள். பாளியில் ஓர் ஆசி ஓதுவார், நீங்கள் முழந்தாளிட்டுக் கைகூப்பிக் கேட்டால் போதும்.

இனி மச்சம். நம்மவர்கள் பலர் இந்த இடத்தில்தான் முகம் சுளிக்கிறார்கள். பாத்திரத்தில் விழுந்ததைச் சாப்பிடுவதுதான் அவர்களுடைய ஒழுங்கு. தனக்காகவே கொன்றதென்று கண்டாலோ, கேட்டாலோ, சந்தேகப்பட்டாலோ அந்த இறைச்சியைத் தொடக் கூடாது. மனிதர், யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, கழுதைப்புலி, இந்தப் பத்தும் எப்போதும் விலக்கு. பிக்குகள் எல்லாரும் மரக்கறிதான் சாப்பிட வேண்டும் என்று விதி செய்யச் சொல்லி, புத்தரோடு முரண்பட்ட பிக்குவான தேவதத்தன் கேட்டபோது புத்தர் சம்மதிக்கவில்லை. எனக்கு அது விளங்கப் பல வருடம் பிடித்தது. மீன்காரியின் வீட்டில் மீன்தான் இருக்கும். அவள் கொடுப்பதை வேண்டாம் என்றால் அவளுக்குக் கொடுக்கவே வழியில்லாமல் போய்விடும். நீங்கள் மரக்கறிதான் கொடுக்கப் போகிறீர்கள், அதில் யாருக்கும் குறையில்லை. இவர்களுடைய மொழியில் மரக்கறிச் சாப்பாட்டுக்கு "மங்சவிரட்" என்று பெயர், மாமிசத்திலிருந்து விலகுதல் என்று பொருள். கடையில் வாங்குவதானால் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட "ஜே" என்ற சுத்த மரக்கறிக் கடையில் வாங்குங்கள். மற்றக் கடைகளில் வெறும் கீரைக்கும் "நாம் ப்லா" என்ற மீன் சாறு விடுவார்கள். மூன்று மாதம் அது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, தெரிந்த அன்று வெள்ளிக்கிழமை விரதத்தை நினைத்து நான் அழுதேன்.

நேரத்தைக் கவனியுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு அவர்கள் சாப்பிடுவதில்லை, மறுநாள் விடியும் வரை. காலைச் சாப்பாடு ஒன்று, பதினொரு மணிக்கு விகாரையில் முரசு அடிப்பது கேட்கும், அதற்குப் பிறகு இரண்டாவது. காட்டு விகாரைகளில் ஒரு நேரம்தான், எல்லாக் கறியையும் அந்த ஒரு பாத்திரத்திலேயே சேர்த்து. மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்து வைக்கவும் கூடாது. விகாரைப் பையன்கள், வேலைக்காரர், பக்கத்து ஏழைகள், நாய்கள் என்று அன்றைக்கே போய்விடும். பின்னேரத்தில் வடித்த பழச்சாறு, தேன் மாதிரிச் சிலது மட்டும் எடுக்கலாம். இது தெரியாமல் நான் பிள்ளையார் சதுர்த்திக்கு அவித்த கொழுக்கட்டையைப் பின்னேரம் நாலு மணிக்குச் சுடச்சுடக் கொண்டுபோய் விகாரையில் நின்றேன். வயதான பிக்கு கையை நீட்டவில்லை. பையனைக் கூப்பிட்டு வாங்கச் சொன்னார். தீண்டாமை மாதிரி நினைத்துக்கொண்டு நான் அழுதபடி திரும்பினேன். கீழ் வீட்டம்மாதான் மணிக்கூட்டைக் காட்டி விளங்கப்படுத்தினார்.

வேறு சில எச்சரிக்கைகள். காசு கொடுக்காதீர்கள். காசைத் தொடக் கூடாது என்பது விநயம் என்ற பிக்குகளின் ஒழுக்க விதி. இங்கே நிறையப் பேர் உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்பதும் உண்மைதான், நீங்கள் அதில் பழக வேண்டாம். பேருந்து நிலையத்தில் காவி உடுத்த ஒருவர் கைநீட்டி என்னிடம் கேட்டு வாங்கியது 500 பாத், அன்றைக்கு அது எங்களுக்கு இரண்டு கிழமைச் சாமான் காசு. உண்மையான பிக்கு கேட்கமாட்டார். சந்தையில் ஒரே கடைக்கு முன்னால் வெயில் ஏறியும் அசையாமல் நிற்கிறவரிடமும் கவனம். நீங்கள் வாங்கிப் போட்ட பார்சல் பின் வாசலால் திரும்பவும் அதே கடைக்குப் போகும். வீட்டில் சமைத்துக் கொடுங்கள். சட்டியிலிருந்து முதல் அகப்பை அவர்களுக்கு, பிறகு உங்களுக்கு. பழஞ்சோறும் மிச்சக் கறியும் வேண்டவே வேண்டாம்.

இனிப்பைக் குறையுங்கள். கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும் என்பதால், சனங்கள் கொடுக்கிற இனிப்புப் பானமும் எண்ணெய்க் கறியும் பிக்குகளைச் சலரோகத்தில், நீரிழிவில், கொண்டுபோய் விட்டிருக்கின்றன. 2017இல் பிக்குகளுக்கென்றே சுகாதார சாசனம் ஒன்று எழுத வேண்டி வந்தது இந்த நாட்டில். எங்கள் சமையல் இதற்கு மிகவும் பொருந்தும். நான் கொடுப்பது அவித்த பயறு, பருப்புக் கறி, பயற்றங்காய், சில நாள் இடியப்பமும் சொதியும். சொதியை இங்கத்தையவர்கள் செய்வது போலச் சின்னப் பையில் ஊற்றி இறப்பர் வளையம் போட்டுக் கட்டிவிடுவேன். இடியப்பத்தைப் பார்த்து ஒழுங்கைக்காரர் "கநோம் ஜீன்" என்பார்கள், அது இவர்களுடைய அரிசி நூடில்ஸ். இன்றைக்கு எங்கள் ஒழுங்கையில் நாலு வீட்டில் இடியப்ப உரல் இருக்கிறது. எல்லாம் நான் ஊரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது.

நம்மவர்களைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருடம் இருந்தும் பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். ஊர்க் கதை, காணி வழக்கு, கனடாவுக்குப் போகிற வழி, இவ்வளவுதான் அவர்கள் கதைப்பது. "அங்கே நம்மைப் படுத்தியதும் இந்தக் காவிதானே, நீ போய்ச் சோறு போடுகிறாயே" என்று என் முகத்துக்கு நேரே கேட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த வலி எனக்கும் உண்டு, என் மாமாவின் வீடு வளவெல்லாம் போனது. ஆனால் வெறுங்காலோடு இந்த ஒழுங்கையில் வருகிற பதினாறு வயதுச் சாமணேரப் பையன், இன்னும் முழுப் பிக்கு ஆகாதவன், அதற்குப் பொறுப்பில்லை. உங்கள் சுன்னாகத்துக்குப் பக்கத்திலேயே கந்தரோடையில் அந்தச் சின்னச் சின்னத் தூபிகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழர் பௌத்தராகவும் இருந்த மண் நம்முடையது. மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பாத்திரத்தில் முதல் சோறு இட்டவள் ஆதிரை, ஒரு தமிழ்ப் பெண். பாத்திரத்தோடு வாசலில் நிற்கிறவருக்குச் சோறு போடும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

உறவுக்காரர் வந்தால் லுவாங் பிரபாங்குக்குக் கூட்டிப்போகச் சொல்லுவார்கள். லாவோசில் அந்தச் சின்ன ஊரில் பிக்குகளின் வரிசை நீளமானது, ஒவ்வொருவருக்கும் ஒட்டும் சோற்றில் ஒரு பிடி வைப்பார்கள். என்னோடு வந்தவர்கள் பிக்குவின் முகத்துக்கு முன்னால் போனை நீட்டி, வெளிச்சம் அடித்துப் படம் எடுத்தார்கள். நல்லூர்த் தேரன்று சாமி வரும்போது யாராவது அப்படிக் குறுக்கே போய் நின்றால் நாம் விடுவோமா? வெட்கத்தில் நான் தனியே போய் ஒரு மதில் ஓரமாக நின்றேன். உங்கள் ஒழுங்கையில் தயவுசெய்து போனை வீட்டில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

அடுத்தது திவசம். பாங்கொக்கில் சீலோம் வீதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது, ஆனால் சியாங் மாயிலிருந்து ஏறக்குறைய 700 கிலோமீற்றர்.

என் ஐயா 2006 ஐப்பசியில் காலமானார். அந்த ஆவணியில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதையைப் பூட்டிவிட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு விமானத்துக்கோ கப்பலுக்கோ பெயர் பதிந்து கிழமைக்கணக்கில் காத்திருக்க வேண்டும். தம்பி கொள்ளி வைத்தான். நான் இங்கே குசினியில் நிலத்தில் இருந்தேன். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. மூன்றாம் நாள் விடியக் கீழ் வீட்டு அம்மா கதவைத் தட்டி, அரிசியை அவரே கழுவி, என் வீட்டு அடுப்பிலேயே உலை வைத்தார். ஐயாவுக்கு என்ன விருப்பம் என்று கேட்டார். முருங்கைக்காய்க் கறி என்றேன். அவரிடம் முருங்கைக்காய் இருந்தது, வடக்கில் இவர்களும் சமைப்பார்கள். சோறும் கறியும் போட்டோம். பிக்கு ஓதத் தொடங்கியதும் ஒரு சின்னப் போத்தலை என் கையில் தந்து, கிண்ணத்துக்குள் விரல் வழியாக மெதுவாகத் தண்ணீர் விடச் சொன்னார். நிறைந்த ஆறுகள் கடலை நிரப்புவது போல, இங்கே கொடுப்பது இறந்தவரைச் சென்றடையட்டும் என்பதுதான் அந்த ஓதலின் பொருள் என்று பிறகு சொன்னார். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் ஐயா தன் ஐயாவுக்குத் தண்ணீர் இறைக்கும்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தது அப்படியே கண்ணுக்கு முன்னால் வந்தது. கிண்ணத்துத் தண்ணீரை வாசல் மாமரத்தடியில் ஊற்றினேன். ஐயாவின் பெயரைச் சொல்லச் சொல்லி, தன் எழுத்தில் ஒரு துண்டில் எழுதி, பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தார். ழகரம் அவருக்கு வரவில்லை, நாலு தரம் சொல்லிப் பார்த்தார்.

வந்து இறங்கியதும் எனக்கு எழுதுங்கள் தங்கச்சி. திவசத்தன்று விடிய நான் உங்கள் வாசலுக்கு வருகிறேன், சோற்றை நீங்கள் வையுங்கள், கறியை நான் கொண்டுவருகிறேன். அம்மாவின் பெயரை இவர்களுடைய எழுத்தில் எப்படி எழுதுவதென்றும் வீட்டுக்கார அம்மாவோடு இருந்து பார்ப்போம்.